சிவப்பு வட்டம்... உஷார்!

வெளிநாட்டு ரோடு... வாடகை கார்... ஜன்னலை இறக்கிவிட்டு ஜிலுஜிலு காற்றில் ஒரு டிரைவ்! இப்படி ஒரு கனவு உங்களுக்கும் இருக்கா? கை கொடுங்க பாஸ்! எனக்கு அது இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்தில் பலிச்சுது. கூடவே ஒரு பில்லும் வந்துச்சு!

மியூனிக்கில் வேலை பார்க்கும் அண்ணன், அப்பா, அம்மா, நான் - இதுதான் டீம். அப்பா 28 வருஷம் அரசு பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். கிளம்பும் முன்னாடியே ஆர்.டி.ஓ. ஆபீஸில் இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் வாங்கி, பாஸ்போர்ட்டுக்குள் பத்திரமா வெச்சிருந்தார். இத்தாலியில் ஓட்ட, நம்ம ஊர் லைசென்ஸோட அதுவும் வேணும். எனக்கு வயசு 20. பல கம்பெனிகளில் 21 ஆனாத்தான் காரே தருவாங்க. 25-க்குக் கீழேன்னா எக்ஸ்ட்ரா கட்டணம் வேற. ஸோ, எனக்குப் பின் சீட்டு!

ஏர்போர்ட்டில் காரை எடுத்ததும் ஸ்டீயரிங் அண்ணன் கைக்குப் போயிடுச்சு. ''இங்கே ரோட்டுக்கு வலது பக்கம் ஓட்டணும், உங்களுக்கு செட் ஆகாதுப்பா''ன்னுட்டான். அப்பா ஒண்ணும் பேசலை. ஊருக்குள் நுழையுற தெருமுனையில் சிவப்பு விளிம்போட ஒரு வெள்ளை வட்ட போர்டு. ''தம்பி, வண்டி போகக் கூடாதுன்னு போட்டிருக்கான் பாரு''ன்னார் அப்பா. ''ஜி.பி.எஸ். நேரா போகச் சொல்லுது. உங்களுக்கு இத்தாலியன் தெரியுமாப்பா?''ன்னு சிரிச்சான் அண்ணன். நானும் சேர்ந்து சிரிச்சேன். ஓட்டல் வாசலில் பெட்டிகளை இறக்கிட்டு, காரை ஊருக்கு வெளியே ஒரு பார்க்கிங்கில் விட்டோம்.

அந்த போர்டு என்னன்னு உங்களுக்குச் சொல்லிடறேன். 'இசட்.டி.எல்.' - அனுமதி இல்லாத வண்டிகள் நுழையக் கூடாத பகுதி. தடுப்புக் கட்டையும் இல்லை, போலீஸும் இல்லை. நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்க ஒரு கேமரா மட்டும். அனுமதி இல்லாம நுழைஞ்சா அபராதம்!

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. 1865-ல் ஃபுளோரன்ஸ் இத்தாலியின் தலைநகரம் ஆனப்போ, ஆற்றுக்கு வடக்கே இருந்த கோட்டை மதிலை இடிச்சு அகலமான ரோடு போட்டாங்க. பழைய வாசல்கள் மட்டும் இன்னிக்கும் நடுரோட்டில் தனியா நிக்குது. மதில் போன ஊருக்கு இப்போ கேமராதான் மதில்!

உள்ளே எல்லாமே நடை தூரம்தான். சிவில் மூணாம் வருஷம் படிக்கிற எனக்கு கதீட்ரல் குவிமாடம்தான் ஹீரோ. சுமார் 45 மீட்டர் அகலம், 40 லட்சத்துக்கு மேல செங்கல். தரையிலிருந்து மரச்சாரம் கட்டித் தாங்காமலே, 1420-லிருந்து 1436-க்குள் எழுப்பியிருக்காங்க. உள்ளே ஒண்ணு, வெளியே ஒண்ணுன்னு ரெண்டு ஓடு. நடுவில் 463 படி. கட்டினவர் புரூனெல்லெஸ்கி. தொழில் கத்துக்கிட்டது பொற்கொல்லரா! நாலு வருஷம் படிச்சும் நமக்கு அரியர்!

மறுநாள் சியெனா போகும் எஸ்.ஆர். 222 ரோடு. ரெண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், ஆலிவ் மரம், அடுத்தடுத்து வளைவு. இந்த ரோட்டுக்குத்தான் கார் வேணும். ஆனா, அண்ணன் பிரேக் போட்ட அழகில் அம்மாவுக்கு மயக்கமே வந்துடுச்சு. கிரேவேங்கிற ஊரில் வண்டியை நிறுத்தினோம். அப்பா பேரையும் கவுன்ட்டரிலேயே ரெண்டாவது டிரைவரா சேர்த்திருந்தோம் (பேர் இல்லாதவங்க ஓட்டினா இன்ஷூரன்ஸ் அம்பேல்!). அவர் ஸ்டீயரிங்கைப் பிடிச்சார். இடது கையிலேயே கியர் போட்டுப் பழகினவர், வலது கையைத் தேடித் தேடி வெச்சார். பத்து நிமிஷம்தான்... அப்புறம் வண்டி வழுக்கிட்டுப் போச்சு. அம்மா தூங்கியே போனாங்க. நான் கண்ணாடியில் அப்பா முகத்தைப் பார்த்தேன். ஸ்டேரிங் டூட்டிக்குத் திரும்பின மாதிரி ஒரு நிமிர்வு!

காஸ்டெல்லினாவில் திரும்பி சான் ஜிமிக்னானோ போனோம். பணக்காரக் குடும்பங்கள் போட்டி போட்டு 72 கோபுரம் கட்டின ஊர். இப்போ 14 நிக்குது. மதிலுக்கு வெளியே இருந்த பார்க்கிங்கிலேயே அப்பா நிறுத்திட்டார். ''இதான் பஸ் ஸ்டாண்டு. எல்லாரும் இறங்கி நடங்க!'' இந்தத் தடவை யாரும் சிரிக்கலை.

அஞ்சு மாசம் கழிச்சு அண்ணன்கிட்டேயிருந்து போன். அபராதம் வந்திருக்கு. டிரைவர் விவரத்தைக் கொடுத்ததுக்கு கார் கம்பெனி எடுத்த கட்டணம் தனி!

நீங்க போனா, நெடுஞ்சாலையை ஒட்டின வில்லா கோஸ்டான்ஸா பார்க்கிங்கில் காரை விட்டுட்டு டிராம் பிடிங்க. ஓட்டல் ஊருக்குள்ளேன்னா, கார் நம்பரை முன்கூட்டியே கொடுத்துப் பதிவு பண்ணச் சொல்லுங்க.

''சாரிப்பா''ன்னான் அண்ணன் போனில். நானும் பக்கத்தில் தலையைக் குனிஞ்சு நின்னேன். அப்பா திட்டலை. ''எழுத்துதான் வேற தம்பி. வட்டம் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்''னார். கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா கேட்டார்...

''அந்தத் திராட்சைத் தோட்ட ரோட்டுக்கு மறுபடி எப்போடா போறோம்?''