வடிகட்டியும் நாமும்

நமது குடும்பம் மட்டாஞ்சேரிக்கு வந்து மூன்று தலைமுறையாகிறது. 1952-இல் ஒப்பந்தமான இந்திய-நார்வேத் திட்டம் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் மோட்டார்ப் படகுகளைப் பழக்கியது. 1963-இல் அதன் தலைமையகம் எறணாகுளத்துக்கு மாறியது. அக்காலத்தில் தூத்துக்குடியிலிருந்து ஸ்பானரும் கையுமாக வந்த பாட்டனாரின் தொழிலைத்தான் இன்றும் அண்ணனும் நாமும் செய்து வருகிறோம். ஆகவே எஞ்சின் விஷயத்தில் நமக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை என்றொரு மிதப்பு இருந்தது. சென்ற கார்த்திகையில் அது கரைந்தது.

நண்பர் ஒருவரின் பாய்மரப் படகு மழைக்காலம் முழுவதும் நம் பொறுப்பில் கட்டிக்கிடந்தது. டாங்கியில் பாதியளவே டீஸல். வடிகட்டியை மாற்ற வேண்டுமென்று நமக்குத் தெரியும். "ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு மாற்றலாம்" என்று தள்ளிவைத்தோம். விடுமுறையாதலால் பத்து வயது மகனையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம்.

கால்வாயில் எஞ்சின் ஒழுங்காகவே ஓடிற்று. அழிமுகத்தில் அலை தூக்கிப் போட்டதும் இருமுறை திக்கி நின்றுவிட்டது. காற்று இல்லை, பாய் தொய்ந்து தொங்கிற்று. ஓதம் வடியும் நேரம். ஒருபுறம் கோட்டைக்கொச்சியின் சீனவலைகள். எதிரே வைப்பினிலிருந்து வாகனங்களை ஏற்றிவரும் ரோ-ரோ படகு. அண்ணன் நங்கூரத்தை இறக்கினார். அது உடனே பிடிக்கவில்லை. "அப்பா, கரை விலகிப் போகிறதே!" என்றான் பையன். இந்த எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ப் டீஸலே 1913-இல் இங்கிலாந்து செல்லும் கப்பலிலிருந்து காணாமற் போனவர் என்ற வேண்டாத நினைவு அப்போதுதானா வரவேண்டும்!

நங்கூரம் ஒருவாறு பிடித்தது. முதல் வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தோம். அடியில் தண்ணீர், அதன்மேல் கறுத்த வழும்பு. பாதி டாங்கியின் வெற்றிடத்தில் ஈரக்காற்று புகுந்து குளிர்ந்து நீராகிறது. நீர் டீஸலைவிடக் கனமாதலால் அடியில் தங்குகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து இந்த வழும்பை உண்டாக்குகின்றன. கரையோரத்தில் அது அடியில் சும்மா கிடக்கும். அலையில் படகு ஆடியதும் கலங்கி எழுந்து வடிகட்டியை அடைக்கும். எஞ்சின் நிற்கக் கூடாத இடத்தில் நிற்பதன் மர்மம் இதுவே.

நல்லவேளையாக நண்பரின் பெட்டியில் புது வடிகட்டி ஒன்று இருந்தது. டீஸல் வால்வை மூடி, கிண்ணத்தை வடித்துத் துடைத்தோம். ரப்பர் வளையத்தில் டீஸலைத் தடவிப் பொருத்தினோம். எஞ்சினிலுள்ள இரண்டாவது வடிகட்டி மிக நுண்ணியது. அடைப்பு அதுவரை போகவில்லை. இனி உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். வால்வைத் திறந்து, இரண்டாம் வடிகட்டியின் தலையிலுள்ள திருகைச் சற்றே தளர்த்தி, பம்பின் சிறு கைப்பிடியைப் பையனிடம் கொடுத்தோம். நுரையாக வந்தது. "நிறுத்தாதே!" என்றார் அண்ணன். குழந்தையின் விரல்கள் சிவந்துவிட்டன. குமிழியின்றித் தெளிந்த டீஸல் வந்ததும் திருகை இறுக்கினோம். இஞ்செக்ஷன் பம்பிலும் அவ்வாறே செய்தோம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எஞ்சின் பிடிக்காமல் திரும்பத் திரும்பச் சுழற்ற நேர்ந்தால், கடல்நீர்க் குழாயை மூடிக்கொள்ள வேண்டும். இல்லையேல் குளிர்விக்கும் நீர் புகைக்குழாயில் நிறைந்து எஞ்சினுக்குள்ளேயே ஏறிவிடும். பிடித்ததும் மறவாமல் திறக்கவும் வேண்டும். பதற்றத்தில் நாம் மறந்தோம்; திறந்தவர் அண்ணன்தான்.

மூன்றாம் முறை பிடித்தது. வெண்புகை கக்கி, பிறகு சீராயிற்று. ரோ-ரோ படகு நமக்காக வேகத்தைக் குறைத்துச் சுற்றிப் போனதை அப்போதுதான் கவனித்தோம்.

நண்பரிடம் நடந்ததை மறைக்காமற் சொன்னோம். கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார். நியாயந்தான். டாங்கியைக் கழுவி விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தோம். வடிகட்டியின் மேல் தேதியை எழுதியது பையன். "அடுத்தது எப்போது அப்பா?" என்று கேட்டு அந்தத் தேதியையும் எழுதிக்கொண்டான்.