எப்போது குறுக்கிடுவது?

மல்லேஸ்வரத்தில், சம்பிகே சாலையை எட்டாவது கிராஸ் சந்திக்கும் இடத்தில் பூ விற்பவர்கள் எல்லோரையும் அழைப்பதில்லை. விரைந்து நடப்பவரை விட்டுவிடுகிறார்கள். நடை தளர்ந்து, பார்வை மல்லிகைப் பந்தின்மேல் தங்கியவரிடம் விலை சொல்கிறார்கள். விலை கேட்டுவிட்டு நகர்பவரின் முதுகுக்குப் பின்னால் இன்னொரு குரல் எழும். அதில் விலை சற்று இறங்கியிருக்கும். வரமகாலட்சுமி நோன்புக்கு முதல் நாள் இந்த இரண்டாவது குரல் அரிதாகவே கேட்கும். அன்று அதற்குத் தேவையில்லை.

இணையதளங்களில் முளைக்கும் பாப்-அப் பெட்டிகள் கற்றுக்கொண்டிருப்பது ஏறக்குறைய இதே கலையைத்தான். தொடக்கத்தில் அவற்றுக்குக் காலம் பார்க்கத் தெரியாது. 1990களில் டிரைபாட் நிறுவனத்தில் பணியாற்றிய ஈதன் சக்கர்மேன், விளம்பரத்தைப் பயனரின் பக்கத்திலிருந்து பிரித்துக் காட்டுவதற்காகத் தனிச் சாளரத்தில் திறக்கும் நிரலை எழுதினார். தகாத உள்ளடக்கத்துக்கு அருகே தங்கள் பெயர் தோன்றுவதை விளம்பரதாரர்கள் விரும்பாததே அதற்குக் காரணம். 2014இல் தி அட்லாண்டிக் இதழில் அதற்காக அவர் வருத்தம் தெரிவித்தார். அதற்குள் உலாவிகள் அத்தகைய சாளரங்களைத் தடுக்கத் தொடங்கிப் பத்தாண்டுகள் கடந்திருந்தன. 2004இல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக்குடன் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் அவ்வாறே செய்தது. தடுக்கப்பட்ட விளம்பரம் தனிச் சாளரத்தை விட்டுப் பக்கத்துக்குள்ளேயே குடியேறியது. பக்கத்தின் பகுதியாகிவிட்டதை உலாவியால் எளிதில் பிரித்தறிய இயலாது. மேலும், பக்கத்துக்குள் இருப்பதால் வாசகரின் அசைவுகளையும் அது காண முடிந்தது.

இன்றைய பெட்டி பல குறிப்புகளுக்காகக் காத்திருக்கிறது: பக்கத்தில் கழிந்த விநாடிகள், கட்டுரையில் எவ்வளவு தூரம் இறங்கினார் என்பது, எத்தனையாவது பக்கம் என்பது. கணினியில் கர்சர் பக்கத்தின் மேல்விளிம்பைக் கடந்தால், வாசகர் தாவலை மூடப்போகிறார் என்று கொள்ளப்படுகிறது. தள்ளுபடி அறிவிப்பு அந்தக் கணத்தில் தோன்றும். கைபேசியில் கர்சர் இல்லை. எனவே விரைந்து மேலே உருட்டுவதும், நெடுநேரம் அசையாதிருப்பதும் விலகலின் அறிகுறிகளாகின்றன.

ஒப்புமை இங்கேதான் முறிகிறது. பூக்காரர் பார்ப்பதை வாங்குபவரும் பார்க்கிறார். தாம் கவனிக்கப்படுவதை அறிந்தே பேரம் பேசுகிறார். திரைக்கு முன் இருப்பவருக்கு அந்த அறிவு இல்லை. அவருடைய தயக்கமே உள்ளீடாகிறது என்பது அவருக்குச் சொல்லப்படுவதில்லை. இரண்டாவது வேறுபாடு கணக்கில் இருக்கிறது. மறுத்துப் போனவர் நாளையும் அதே தெருவில் வருவார் என்பதால், விற்பவருக்கு அளவு தெரிகிறது. இணையதளத்தின் சோதனைகளோ பெரும்பாலும் மின்னஞ்சல் கொடுத்தவர்களையும் வாங்கியவர்களையும் எண்ணுகின்றன. படித்துக்கொண்டிருந்த வாக்கியம் அறுந்ததால் திரும்பி வராமற் போனவர் அந்த எண்ணில் இடம்பெறுவதில்லை. வெற்றி என்று அறிவிக்கப்படும் நேரக்கணிப்பு, இழப்பை அளக்காத வெற்றியாக இருக்கலாம்.

சட்டம் இதன் ஒரு பகுதியைத் தொட்டிருக்கிறது. 2023 நவம்பர் 30 அன்று இந்தியாவில் அறிவிக்கப்பட்ட வழிகாட்டுதல்கள் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிடுகின்றன. பொய்யான அவசரம், மறுப்பவரைக் கூச வைக்கும் சொற்கள், ஓயாத நச்சரிப்பு ஆகியவை அவற்றுள் அடங்கும். ஆனால் நச்சரிப்பு என்பது திரும்பத் திரும்ப வருவது. ஒரே ஒருமுறை, மிகச் சரியாக வாசகர் தளரும் கணத்தில், உண்மையான தள்ளுபடியோடு வரும் பெட்டி அந்த வரையறைக்குள் எளிதில் அடங்காது. மனத்தின் தளர்வை அறிந்து தொடுவதுதான் அதன் ஆற்றல். அந்த ஆற்றலுக்கு இன்னும் தனிப்பெயர் இல்லை.

குறுக்கீடு எல்லாமே குற்றமன்று. நிரப்பிய படிவத்தைச் சேமிக்காமல் வெளியேறுபவரை எச்சரிக்கும் பெட்டி அவருக்கே உதவுகிறது. கட்டுரையை முடித்தவரிடம் அடுத்ததை அனுப்பலாமா என்று கேட்பதிலும் தவறில்லை. இரண்டிலும் காலம் வாசகரின் வேலையிலிருந்து பிறக்கிறது. விலகும் கணத்தைப் பிடிப்பதில் அது தளத்தின் அச்சத்திலிருந்து பிறக்கிறது. மனித–கணினி ஊடாட்டத்தைப் பயிலும் மாணவர்கள் எத்தனை பேர் ஒப்புக்கொண்டார்கள் என்பதோடு, குறுக்கிடப்பட்டவர்களில் எத்தனை பேர் தொடங்கிய வாசிப்பை முடித்தார்கள் என்பதையும் அளக்கத் தொடங்கினால், எது எது என்பது எண்களிலேயே தெரியவரும்.