யார் முகத்தில்

'இன்னைக்கு யார் முகத்தில முழிச்சேனோ' என்று அப்பா சொல்லாத ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அபூர்வம். சனிக்கிழமை ராத்திரி முழுக்கச் சீட்டாடித் தோற்று, விடியற்காலையில் திரும்பி, தார்சாவில் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது சொல்வார். யாரையும் பார்த்துச் சொல்வதில்லை. ஆனால் பதில் முன்பே தீர்மானமாகியிருந்தது. அடுக்களையில் அத்தையின் கை ஒரு கணம் நின்று, பிறகு மறுபடியும் வேலையைத் தொடங்கும்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். இருபத்துநாலு வயதில் தாலியறுத்து வெள்ளைச் சேலையுடன் எங்கள் வீட்டுக்கு வந்தவள். நான் சொல்வது திருநெல்வேலியில் 1973-ஐ ஒட்டிய காலம். அப்போது அவள் வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா கிளப்புக்குப் புறப்படுவது ஒரு சடங்கு. குளித்து, திருநீறு பூசி, போன தடவை ஜெயித்தபோது போட்டிருந்த சட்டையையே போட்டுக்கொள்வார். வலது காலை முன்வைத்துப் படியிறங்குவார். மடியில் ஒரு சின்னப் பித்தளை டப்பி இருக்கும். அதற்குள் குங்குமத்தில் புதைத்த நரிக்கொம்பு. நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தின்போது பாசிமணி, ஊசி விற்க வந்த ஒரு நரிக்குறவரிடம் பேரம் பேசிப் பதினைந்து ரூபாய்க்கு வாங்கியது. நரிக்குக் கொம்பு கிடையாது. மண்டையோட்டில் எப்போதாவது ஒரு எலும்புப் புடைப்பு வரலாம் என்கிறார்கள். சந்தையில் விலைபோவதில் பெரும்பகுதி எலும்புத் துண்டில் ரோமத்தை ஒட்டிச் செய்தது. இல்லாத பொருளுக்கு முயற்கொம்பு என்று உவமை சொல்லத் தெரிந்த மொழிக்காரர்கள், நரிக்கொம்பை மட்டும் காசு கொடுத்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டோம். நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம் என்பது பழைய நம்பிக்கை. சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கத்துக் கிராமங்களில் பொங்கலை ஒட்டி வங்காநரியை வலைவைத்துப் பிடித்து, ஊருக்குக் கொண்டுவந்து, முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிற வழக்கம் இருந்தது. வனத்துறை தடுத்துக்கொண்டிருக்கிறது. நரியின் முகத்தைத் தேடிப் போனோம். வீட்டிலிருந்த ஒரு மனுஷியின் முகத்தை ஒளித்துவைத்தோம்.

ஆம், ஒளித்துத்தான் வைத்தோம். அப்பா செருப்பை மாட்டும் சப்தம் கேட்டதும் அம்மா முற்றத்துக் காலிக் குடத்தை உள்ளே எடுத்துப் போவாள். அத்தை புறவாசலுக்குப் போய்விடுவாள். காலிக் குடமும் அத்தையும் ஒரே நேரத்தில் உள்ளே போவதைப் பார்த்தே வளர்ந்தேன். அதில் விபரீதம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. யாரும் அவளைப் போகச் சொல்லி நான் கேட்டதுமில்லை. சொல்லாமலே நடக்கிற காரியங்களில்தான் ஒரு வீட்டின் அசலான சட்டங்கள் இருக்கின்றன.

ஆடியது பதின்மூன்று சீட்டு ரம்மி. ரம்மி பெரும்பாலும் திறமையைச் சேர்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-ல் சொல்லியிருந்தது. கிளப்பில் எல்லோருக்கும் இது தெரியும். தாங்கள் சூதாடவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. ஆனால் திறமைசாலிகள் எல்லோரும் கிழக்கே பார்த்த நாற்காலிக்குச் சண்டைபோட்டார்கள். பதின்மூன்று சீட்டும் விழுந்து முடிகிறவரை அப்பா ஒன்றையும் கையில் எடுக்கமாட்டார். பக்கத்துக்காரர் ஒவ்வொன்றாக எடுத்தால்தான் ஜோக்கர் வரும் என்பார். ஆட்டத்தின் நடுவே யாருக்கும் கடன் கொடுக்கக்கூடாது. காசோடு கையும் போய்விடும். முதுகுக்குப் பின்னால் யாராவது வந்து நின்ற பிறகு நல்ல சீட்டு விழுந்தால் அவரை வீட்டுக்கு விடமாட்டார்கள். கெட்ட சீட்டு விழுந்தால் ஒன்றும் சொல்லமாட்டார்கள். திரும்பி ஒரு பார்வை பார்ப்பார்கள். அது போதும்.

இந்தப் பார்வை எனக்கும் கிடைத்திருக்கிறது. தமிழ்நாடு அரசு 1968-ல் பரிசுச் சீட்டு தொடங்கியது. ஒரு ரூபாய்ச் சீட்டு. ரம்மியில் எந்தச் சீட்டைக் கீழே போடலாம் என்றாவது யோசிக்கலாம். லாட்டரியில் யோசிக்க ஒன்றுமில்லை. அதனால் மந்திரமெல்லாம் எண்ணின்மேல் போய் ஏறிக்கொண்டது. கூட்டினால் ஒன்பது வரவேண்டும், எட்டு ஆகாது, கனவில் பாம்பு வந்தால் இன்ன எண், பிணம் வந்தால் இன்ன எண். அப்பா இதற்கு மேலே ஒரு படி போய் என்னைக் கடைக்கு அழைத்துப் போவார். கயிற்றில் கிளிப்பு மாட்டித் தொங்கும் சீட்டுகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை இழுக்கவேண்டும். ஒரு தடவை கடைசி எண்ணுக்குப் பத்து ரூபாய் விழுந்தது. அன்றிலிருந்து நான் ராசியான கை. நாலு மாதம் எனக்கு வெல்ல மிட்டாய் கிடைத்தது. நாலாவது மாதத்தின் முடிவில் அப்பா ஒன்றும் சொல்லாமல் என் தங்கையைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. அரசு லாட்டரியை 2003-ல் நிறுத்தியபோது, என்னைப்போல் எத்தனை பையன்களின் கை பதவியிழந்ததோ என்று நினைத்துக்கொண்டேன்.

வெகுகாலத்துக்குப் பிறகு ஸ்கின்னரின் புறாக்களைப் பற்றிப் படித்தேன். 1948-ல் வந்த ஆராய்ச்சி. பசித்த புறாவைக் கூண்டில் விட்டு, அது என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குறித்த இடைவெளியில் இரை வந்து போகும்படி வைத்தார். இரை வந்த கணத்தில் ஒரு புறா தற்செயலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு அது இரைக்காகச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. இன்னொன்று கூண்டின் மேல்மூலையில் தலையை முட்டிக்கொண்டிருந்தது. எட்டில் ஆறு புறாக்கள் இப்படி ஆளுக்கொரு சடங்கை உண்டாக்கிக்கொண்டன. படித்தபோது சட்டையை ஆணியில் மாட்டும் அப்பாதான் கண்முன் வந்தார். ஆனால் ஒரு வித்தியாசம். இரை வராதபோது அந்தப் புறா பக்கத்துப் புறாவைக் குற்றம் சொல்லவில்லை. அந்த இடத்துக்கு வர மனிதனாகப் பிறக்கவேண்டியிருக்கிறது.

இனி அந்தச் சனிக்கிழமை. தெருக்கோடியில் ஒரு வீட்டில் பிரசவம். மத்தியானமே அத்தையைக் கூப்பிட்டுப் போயிருந்தார்கள். (பிள்ளை பிறக்கிற இடத்தில் அவள் வேண்டும், பேர்வைக்கிற இடத்தில்தான் ஆகாது.) அப்பா கிளம்பியிருப்பார் என்று நினைத்து அவள் திரும்பி வர, அப்பா அன்று தாமதமாகப் படியிறங்க, நடுத்தெருவில் நேருக்கு நேர். அத்தை சுவரோரம் ஒதுங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் தார்சாவிலிருந்து பார்த்தேன். அப்பா திரும்பி வந்தார். செம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி கிளம்பினார். அத்தை அன்று ராத்திரி சாப்பிட்டாளா என்று நான் கவனிக்கவில்லை.

விடியற்காலையில் அப்பா முந்நூற்று நாற்பது ரூபாயுடன் வந்தார். அவருடைய சம்பளத்தைவிட அதிகம். அம்மா நரிக்கொம்புக்குப் புதிதாகக் குங்குமம் வைத்தாள்.

அந்த வாரம் முழுக்க அப்பாவுக்கு ஒரு சங்கடம் இருந்திருக்க வேண்டும். ஜெயித்துத் தந்தது எது? கொம்பா, சட்டையா, திரும்பி வந்து குடித்த தண்ணீரா, இல்லை வேறு ஒன்றா? ஒன்றை எடுத்துவிட்டுச் சோதித்துப் பார்க்கும் துணிச்சல் சூதாடிக்குக் கிடையாது. நடந்ததை நடந்தபடியே திரும்ப நடத்தவேண்டும். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் அப்பா அடுக்களை வாசலில் வந்து நின்றார். அத்தை ஆட்டுரலில் மாவாட்டிக்கொண்டிருந்தாள்.

'அக்கா, தெருமுக்கு வரைக்கும் போயிட்டு அப்படியே எதிர்க்க வாயேன்.'

பதினோரு வருஷத்தில் அவர் அவளை வாசல் பக்கம் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அத்தை குழவியை நிறுத்தவில்லை. தலையைத் தூக்கிப் பார்க்கவுமில்லை.

'மாவு பாதியில கெடக்கு தம்பி' என்றாள்.

அப்பா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார். அன்று தோற்றார். மறுநாள் காலையில் சட்டையை ஆணியில் மாட்டியபடி, 'ஒரு நாள், ஒரே ஒரு நாள் எதிர்க்க வரச்சொன்னேன். வரலை' என்றார். எதிரே வந்துவிடுவாளோ என்று பதினோரு வருஷம் பழி சுமந்தவள், வராததற்கும் சுமந்தாள். வரவு கொம்பின் கணக்கில், நஷ்டம் அத்தையின் கணக்கில். தாயத்து, சகுனம், ராசி எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற கணக்குப் புத்தகம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. ஜெயிப்பதற்காக ஏற்பட்டவை என்று இவற்றைச் சொல்வது பாதி உண்மை. தோல்விக்கு ஒரு முகம் வேண்டும் என்பதற்காக ஏற்பட்டவை. முகம் கிடைத்துவிட்டால் அடுத்த வாரமும் ஆடலாம்.

இது அப்பாவோடு தொடங்கியதல்ல. அதர்வண வேதத்தில் சூதில் ஜெயிப்பதற்கென்றே மந்திரங்கள் இருக்கின்றன. அப்சரஸைக் கூப்பிட்டுக் காய்களில் வெற்றி கேட்கிறார்கள். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் தோற்றுப்போன சூதாடி ஒருவன் புலம்புகிறான். மனைவி போய்விட்டாள், மாமியார் வெறுக்கிறாள் என்கிறான். அன்று உருட்டிய காய் விபீதகம். அதாவது நம்முடைய தான்றிக்காய். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றையும் காயவைத்து இடித்து அத்தைதான் அப்பாவின் வயிற்றுக்குத் திரிபலா சூரணம் செய்து வைப்பாள். ராக்கண் விழித்துக் கெட்ட வயிறு. வேதகாலத்துச் சூதுக்காயை உரலில் போட்டு இடித்துச் சலித்துக்கொண்டிருந்தவளுக்கு அது சூதுக்காய் என்று தெரியாது.

மகாபாரதத்தில் வனபர்வத்து நளன் கதையிலும் இந்த மரம் வருகிறது. ருதுபர்ணன் தேரிலிருந்தபடி ஒரு தான்றி மரத்தின் இலையையும் காயையும் எண்ணிச் சொல்கிறான். அந்த எண்ணிக்கை வித்தையை நளன் கற்றுக்கொண்டதும் கலி அவன் உடம்பைவிட்டு வெளியேறித் தான்றி மரத்துக்குள் புகுந்துகொள்கிறான். நளன் மறுபடி ஆடி நாட்டை மீட்கிறான். நமக்கு இது நல்ல முடிவு. ஆனால் கதை இன்னொன்றும் சொல்கிறது: அன்றுமுதல் தான்றி மரம் நிந்தைக்குரியதாகிவிட்டது. மரம் என்ன செய்தது? வழியில் நின்றது. அவ்வளவுதான்.

இப்போது கிளப்புகள் குறைந்துவிட்டன. என் மருமகன் ஒருவன் கைபேசியில் ரம்மி ஆடிக்கொண்டிருந்தான். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து மத்தியச் சட்டம் வரும்வரை ஆடினான். எதிரே ஆள் இல்லை, கையில் சீட்டு இல்லை. ஆனாலும் மாடிப்படியின் மூன்றாவது படியில் உட்கார்ந்துதான் ஆடுவான். நடுவில் மனைவி கூப்பிட்டால் கத்துவான். 'நீ கூப்பிட்ட, கை போச்சு.'

எழுதுகிற நாம் சிரிக்க வேண்டாம். இன்ன பேனா, இன்ன தாள், விளக்கு இந்தப் பக்கம் என்று நமக்கும் இருக்கிறது. கவிதை வருவதும் வராததும் நம் கையில் இல்லாத விஷயமாக இருப்பதால் அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் வராத கவிதைக்கு நாம் யார் பெயரில் பற்று எழுதுகிறோம்? குழந்தை அழுத நேரம், காய்கறிக்காரனுக்குச் சில்லறை கேட்டு அவள் வந்து நின்ற நேரம். வந்த கவிதையின் கீழே மட்டும் நம் பெயர் இருக்கிறது. நம் வீடுகளுக்கும் புறவாசல் உண்டு.

1984-ல் எனக்கு மதுரையில் ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வு. அப்பா இறந்து இரண்டு வருஷமாகியிருந்தது. பித்தளை டப்பி எங்கே போயிற்றென்று தெரியவில்லை. நான் அப்போது நிறையப் படித்து, நிறையப் பேசிக்கொண்டிருந்தவன். புறப்படும்போது அத்தை வழக்கம்போலப் புறவாசலுக்குப் போய்விட்டாள். நான் செருப்புக் காலோடு அடுக்களை வாசல்வரை போய், 'அத்தை, வாசலுக்கு வாங்க. உங்க முகத்தைப் பாத்துட்டுத்தான் போவேன்' என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. பட்டாசலில் இருந்த எல்லோருக்கும் கேட்கவேண்டும் என்று எனக்குள் இருந்திருக்கிறது.

அத்தை கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

'கிடைக்கலேன்னா, யாரு முகத்தில முழிச்சன்னு கேப்பாங்கள்லா?'

என்னிடம் பதில் இல்லை. அவள் முகத்தை நானும் ஒரு பந்தயத்தில்தான் வைத்தேன். அப்பா கேட்டதற்கும் நான் கேட்டதற்கும் எத்தனை தூரம் என்று இன்றும் அளந்துகொண்டிருக்கிறேன். 'வண்டிக்கு நேரமாச்சு, போயிட்டு வா' என்றாள். நான் போனேன்.

வேலை கிடைத்தது. அம்மா பிள்ளையாருக்கு விடலை போட்டாள்.