அச்சு மாறலாம்... அளவு மாறாது!

கும்பகோணத்திலிருந்து சுவாமிமலைக்கு முகூர்த்தக் கூட்டத்தை ஏற்றி இறக்கும் அந்த டிரைவருக்கு, அம்பாசிடரின் வம்சாவளி அத்துப்படி.

மிராசுதார்களின் 'பிளஷர் கார்' பெருமை ஓய்ந்தபோது, அந்த இடத்தில் வந்து உட்கார்ந்த வண்டி அது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைப் பார்த்து, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950-களின் கடைசியில் பிறந்தது. மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா என்று முகம் மாறியது. டீசல் வந்தது, 1990-களில் இசுசு இன்ஜின் வந்தது, ஸ்டியரிங்கை ஒட்டியிருந்த கியர் தரைக்கு இறங்கியது. குண்டு உடம்பு மட்டும் மாறவே இல்லை. 2014-ல் உற்பத்தி நின்றது.

சுவாமிமலை ஸ்தபதிகள் ஒவ்வொரு சிலைக்கும் மண் அச்சை உடைத்தாக வேண்டும். அடுத்த சிலைக்குப் புது மெழுகு, புது அச்சு. தென்னை ஓலையை மடித்து எடுக்கும் அளவுமுறை மட்டும் மாறாது. ''கம்பெனிக்காரங்க அச்சை உடைக்கத் தயங்கிட்டாங்க'' என்பார் டிரைவர்.

''வித்துடுப்பா, சாமான் கிடைக்கலை'' என்றான் மகன். அவனைப் படிக்கவைத்த வண்டி. ஒரு வருஷம் இழுத்தடித்து, போன ஆவணியில் கொடுத்துவிட்டார்.

இப்போது ஓட்டுவது வேறு கார். கதவைத் திறந்து, பாட்டிகள் இறங்கக் கை கொடுப்பது மட்டும் அப்படியே!