இது எந்த ஊர்க் கல்லு?

வருஷம் முடிந்தால் ஆளாளுக்குப் பிடித்த பத்துப் படம், பத்துப் பாட்டு என்று பட்டியல் போடுவார்கள். எங்கள் நாலு பேர் கும்பலில் அந்தப் பழக்கம் கொஞ்சம் மாறிவிட்டது. கடந்த பன்னிரண்டு மாதத்தில் பொறுக்கிய கற்களில் ஆளுக்கு ஒன்றை எடுத்து ஹாஸ்டல் கட்டிலில் வைக்க வேண்டும். அது ஏன் பிடிக்கும் என்று ரெண்டு நிமிஷம் பேச வேண்டும். அப்புறம் ஓட்டு. ஜெயித்தவருக்கு மற்ற மூன்று பேரும் பரோட்டா வாங்கித் தர வேண்டும். சால்னா எக்ஸ்ட்ரா :-)

கல் என்றால் ஜல்லி இல்லை மக்களே, ஃபாசில். தமிழில் புதைபடிவம், தொல்லுயிர் எச்சம் என்றெல்லாம் சொல்கிறார்கள். நாங்கள் யாரும் புவியியல் படிக்கவில்லை. மூன்று பேர் கம்ப்யூட்டர், ஒருத்தி காமர்ஸ். ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் போகிற காசில் பெட்ரோல் போட்டுக்கொண்டு பெரம்பலூர், அரியலூர் பக்கம் போய் வெயிலில் குனிந்து நடக்கிற கேஸுகள், அவ்வளவுதான்.

எனக்கு இந்தப் பித்து பிடித்தது ஒரு பொய்யால். 2020 அக்டோபரில், பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் குளத்தில் டைனோசர் முட்டைகள் கிடைத்தன என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் பறந்தது ஞாபகம் இருக்கிறதா? உருண்டை உருண்டையாகப் பெரிய கற்களின் படம். எங்கள் குடும்பக் குழுவில் மட்டும் ஆறு பேர் அனுப்பினார்கள். ரெண்டொரு நாளில் புவியியல் அறிஞர்கள் பார்த்துவிட்டு, "முட்டையெல்லாம் இல்லை, அம்மோனைட்டைச் சுற்றிப் படிந்து இறுகிய உருண்டை" என்று சொல்லிவிட்டார்கள். அந்த மறுப்பை எங்கள் குழுவில் ஒருத்தர்கூட அனுப்பவில்லை என்பது வேறு விஷயம். அப்போது பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த நேரம். அம்மோனைட் என்றால் என்ன என்று தேட ஆரம்பித்தவன்தான், இன்னும் வெளியே வரவில்லை.

தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. அம்மோனைட் பார்க்க நத்தை மாதிரி சுருண்டு இருக்கும். ஆனால் நத்தைக்குச் சொந்தம் இல்லை. கணவாய், ஆக்டோபஸ் வகையறாவின் பங்காளி. ஓட்டுக்குள் வரிசையாக அறைகள். கடைசி அறையில் குடித்தனம், மற்ற அறைகள் மிதப்பதற்கு. டைனோசர்கள் போன அதே 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவோடு இதுவும் போய்ச் சேர்ந்தது. அதற்கு முன்னால் அரியலூர், பெரம்பலூர் பக்கம் கடல் பல தடவை உள்ளே வந்து திரும்பிப் போயிருக்கிறது. அந்தக் கடலின் அடி மண்தான் இன்றைக்கு நாம் கடலையும் பருத்தியும் போடுகிற நிலத்துக்குக் கீழே பாறையாக இருக்கிறது. அரியலூரில் இத்தனை சிமெண்ட் ஆலைகள் வந்ததற்குக் காரணமான சுண்ணாம்புக்கல்லும் அதே கடல் கொடுத்ததுதான்.

சரி, போட்டிக்கு வருவோம்.

முதலில் என் ரூம்மேட். அவன் வைத்தது ஒரு பெலம்னைட். விரல் நீளம், தேன் நிறம், ஒரு பக்கம் கூராகத் துப்பாக்கித் தோட்டா மாதிரியே இருக்கும். திருச்சியிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில் சிறுகனூரில் திரும்பிக் கொளக்காநத்தம் சாலையில் போனால் காரை வரும். செடி கொடி அதிகம் இல்லாமல், மழைநீர் அரித்து அரித்து மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் களிமண் பூமி. நடுவே ஜிப்சம் துண்டுகள் கண்ணாடி மாதிரி மின்னும். அங்கே பெலம்னைட் நிறையவே கிடைக்கும். இதுவும் கணவாயின் பங்காளிதான். உடம்புக்குள்ளே இருந்த கெட்டியான பாகம் மட்டும் மிச்சம். நம்மாள் முதல் தடவை அதைப் பார்த்ததும் "மச்சி, போலீஸ் ஷூட்டிங் பிராக்டீஸ் பண்ற இடம் போல, ஓடிடலாம்" என்றான். பத்துக் கோடி வருஷத்துத் தோட்டா. இந்தக் கதைக்காகவே அவனுக்கு அது பிடிக்குமாம்.

ரெண்டாவது, காமர்ஸ் தங்கச்சி. அவள் வைத்தது ஒரு சிப்பி, உள்ளங்கை அளவு, கொக்கி மாதிரி வளைந்தது. கிரிஃபியா என்று பெயர். அதை அவள் எந்தப் பள்ளத்திலும் எடுக்கவில்லை. அரியலூர் பக்கம் அவள் அத்தை வீட்டில் துணி துவைக்கிற கல்லுக்கு ஒரு பக்கம் முட்டுக்கொடுத்து வைத்திருந்த கல்லில் ஒட்டிக்கொண்டிருந்ததாம். "அத்தே, இந்தக் கல்லு எனக்கு வேணும்" என்று கேட்க, "அதை எடுத்தா துவைக்கிற கல்லு ஆடும்டி" என்று அத்தை சண்டை. கடைசியில் பதிலுக்கு ரெண்டு செங்கல் கொடுத்து வாங்கியிருக்கிறாள். கள்ளங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் அடுக்கில் இந்தச் சிப்பிகள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. நாம் வீடு கட்டுகிற சிமெண்ட் மூட்டையில் இதன் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் இருப்பார்களோ!

மூன்றாவது, செந்துறைக்காரன். அதிகம் பேச மாட்டான். ஒரு தீப்பெட்டியைத் திறந்து, பஞ்சுக்கு நடுவே இருந்த சுறாப் பல்லைக் காட்டினான். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிசு. சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பு என்பதால் சீக்கிரம் மக்கிவிடும். பல் மட்டும் விழுந்து விழுந்து முளைக்கும். விழுந்தது மண்ணில் தங்கும். பல்லோடு ஒரு டீக்கடை பில்லையும் மடித்து வைத்திருந்தான். பின்பக்கம் தேதி, காரை, எந்த ஓடையில், ரோட்டிலிருந்து எத்தனை அடி நடந்தான், எந்த நிற மண் என்று பொடிப்பொடியாக எழுத்து. ஒரு சின்னப் படம்கூட. நாங்கள் சிரித்தோம். "ஏன்டா, பல்லுக்குப் பட்டா வாங்கப்போறியா?"

அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாக வரவில்லை. ஏனென்று சொல்கிறேன்.

நாலாவது கல் என்னுடையது. இந்த நாலில் பெரிசு, அழகும் அதுதான். ஒரு சாப்பாட்டுத் தட்டில் பாதி அளவுக்கு அம்மோனைட். மேட்டுக் கோடுகள் ஒவ்வொன்றும் தெளிவாக இருக்கும். அறைகளைப் பிரிக்கிற தடுப்புக் கோடு ஒரு ஓரத்தில் கொத்தமல்லித் தழை மாதிரி நெளிந்து நெளிந்து தெரியும். மார்ச் மாதம் ஒரே நாளில் நாலு இடம் சுற்றினோம். கிடைத்ததையெல்லாம் ஒரே பையில் போட்டேன். ராத்திரி வந்து பக்கெட்டில் ஊறவைத்து, பழைய டூத்பிரஷ் போட்டு மண் ஒரு பொட்டு இல்லாமல் கழுவினேன். கழுவி முடித்த பிறகுதான் தோன்றியது, இதை எங்கே எடுத்தேன்? சார்ஜ் தீரக்கூடாது என்று கைபேசியில் இருப்பிடத்தை அணைத்து வைத்திருந்தேன். கேலரியில் இருந்த ஒரே படம் நீலக் கலர் பக்கெட்.

"காரைன்னு எழுதிடு மச்சி, யாருக்குத் தெரியப்போகுது" என்றான் ரூம்மேட். எழுதிவிட்டேன். அழகாக ஒரு அட்டையில், "காரை, பெரம்பலூர் மாவட்டம்" என்று.

எங்களுக்குத் தெரிந்த, ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ஜூனில் அவரிடம் பெருமையாகக் கொண்டுபோனேன். கையில் வாங்கியதும் முகம் மலர்ந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தார். பின்பக்கம் ஒட்டியிருந்த பாறையை நகத்தால் சுரண்டினார். அப்புறம் அட்டையைப் பார்த்தார்.

"தம்பி, இதை நீயே எடுத்தியா?"

"ஆமா சார்."

"காரையிலயா?"

"ஆமா சார்."

"காரை பெரும்பாலும் களிமண்ணுப்பா. இது மணல் கலந்த கெட்டிப் பாறை. இது அதுக்கு மேல் அடுக்கு, கருடமங்கலம் வகை மாதிரில்ல இருக்கு? நல்லா யோசிச்சுச் சொல்லு. எந்த இடம்?"

யோசிக்கிற மாதிரி நடித்தேன். யோசிக்க ஒன்றும் இல்லை. ரெண்டு நிமிஷம் தாக்குப் பிடித்தேன், அப்புறம் உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. கல்லை மெதுவாக மேஜையில் வைத்துவிட்டு, "நல்ல பீஸ். ஆனா இனிமே இது அலமாரிக்குத்தான் ஆகும்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அப்புறம் அவர் சொன்ன ரெண்டு கதைகளைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

முதல் கதை 1840களில் நடந்தது. கே என்று ஒரு வெள்ளைக்காரர், மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி. அவர் கூட்டாளி கன்லிஃப். புவியியல் அவர்கள் பிழைப்பு இல்லை. எங்களை மாதிரி ஆர்வக்கோளாறு. புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிச் சீமை என்று மூன்று இடங்களில் சேர்த்த ஃபாசில்கள் லண்டன் போய்ச் சேர்ந்தன. எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்பவர் 1846ல் அவற்றை விவரித்து எழுதினார். எது எந்த ஊர்க் கல் என்று தெரிந்ததால்தான் மூன்று ஊர்ப் பாறைகளையும் தனித்தனியாக ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. அதற்கப்புறம் பிளான்ஃபோர்டு, ஸ்டோலிஸ்கா என்று பெரிய ஆட்கள் வந்து விரிவாக ஆராய்ந்தார்கள். ஆரம்பித்து வைத்தவர்கள் ரெண்டு அமெச்சூர்கள்.

ரெண்டாவது கதை சோகம். அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்தவர்கள் ஒரு பிரம்மாண்ட விலங்கின் எலும்புகளைக் கண்டுபிடித்தார்கள். யாதகிரி, அய்யாசாமி இருவரும் 1987ல் அதற்குப் பெயர் வைத்தார்கள்: பிருகத்காயோசாரஸ். பிருகத் காயம், பேருடம்பு. முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர்! உலகத்திலேயே பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். ஆனால் எலும்பு இல்லை. அவை உளுத்துப்போன நிலையில் இருந்தன. சிதைந்து உதிர்ந்துவிட்டன என்று 2017ல் எழுதினார்கள். மிஞ்சியது சில வரைபடங்களும் புகைப்படங்களும். அது எலும்புதானா, கல்லான மரமா என்றுகூடச் சிலர் கேட்டார்கள். 2022ல் பழைய புகைப்படங்களை வெளியிட்டு எலும்புதான் என்று வாதாட வேண்டியிருந்தது.

"பாத்தியா தம்பி," என்றார் சார், "அங்கே பொருள் போயிடுச்சு, குறிப்பு இருக்கு. அதனால இன்னும் பேசறாங்க. உங்கிட்ட பொருள் இருக்கு, குறிப்பு போயிடுச்சு. ஒரு கல்லு ஏதாவது சொல்லணும்னா அது எங்கே கிடந்ததுன்னு தெரியணும். மேலே என்ன மண்ணு, கீழே என்ன மண்ணு, பக்கத்துல யாரு. நீ அதைக் கழுவி பக்கெட் தண்ணியில ஊத்திட்டே."

அதற்கப்புறம் அந்த நாலு இடத்துக்கும் மூன்று தடவை போனேன். ஒரு இடத்தில் நாங்கள் இறங்கிய ஓடைக்கரையே மழையில் சரிந்து கிடந்தது. இன்னொரு இடத்தில் பொக்லைன் நின்றது. பாறையின் நிறத்தை வைத்து ரெண்டு இடத்தைத் தள்ளிவிட முடிந்தது. மீதி ரெண்டில் எது என்று இன்றுவரை தெரியவில்லை.

வீடு ஸ்ரீரங்கம். தீபாவளிக்குப் போனபோது கல்லையும் எடுத்துப் போனேன். பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாது. கையில் கொடுத்தேன். விரலால் சுருளைத் தடவிப் பார்த்துவிட்டு, "சாளக்கிராமமாடா? இவ்ளோ பெரிசா இருக்கே!" என்றாள். பாட்டி சொன்னதில் தப்பே இல்லை. நேபாளத்தில் கண்டகி ஆற்றில் கிடைக்கிற சாளக்கிராமத்துக்குள் இருக்கிற சக்கரம் அம்மோனைட்தான். எங்கள் வீட்டுப் பெருமாள் சம்புடத்திலும் ஒன்று இருக்கிறது, நெல்லிக்காய் அளவு.

"இல்ல பாட்டி, இது நம்ம பக்கத்துக் கல்லு. கிட்டத்தட்ட ஒன்பது கோடி வருஷம்."

"எந்த ஊர்க் கல்லு?"

சார் கேட்ட அதே கேள்வி! நான் பேசாமல் இருந்தேன். பாட்டி தன்பாட்டுக்குச் சொன்னாள்: "நம்மாத்துது முக்திநாத்துலேர்ந்து வந்தது. உன் தாத்தாவோட பெரியப்பா யாத்திரை போயிட்டு வந்து தாத்தா கையில குடுத்தார். விலைக்கு வாங்கல. அதைச் சொல்லித்தான் என்கிட்ட குடுத்தா. நானும் சொல்லித்தான் உங்கம்மாகிட்ட குடுக்கணும்."

மூன்று தலைமுறையாக ஒரு கல்லோடு அதன் ஊரும் சேர்ந்தே கைமாறியிருக்கிறது. நான் மூன்று மணி நேரம் வைத்திருக்கவில்லை.

ஓட்டுப் பதிவில் நான் என் கல்லுக்குப் போடவில்லை. செந்துறைக்காரனின் அரிசிப் பல்லுக்குப் போட்டேன். அவன் டீக்கடை பில்லுக்குப் போட்டேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். மூன்று ஓட்டு வாங்கி ஜெயித்தான். பரோட்டா தின்னும்போது, "பல்லை சார்கிட்ட குடுத்துட்டேன்டா, அவரு யாருக்கோ அனுப்பறாராம்" என்று மட்டும் சொன்னான்.

என் அம்மோனைட் இப்போது அலமாரியில் இருக்கிறது. பழைய அட்டையைக் கிழித்துவிட்டுப் புது அட்டை வைத்திருக்கிறேன். "இடம்: தெரியாது. ரெண்டு இடங்களில் ஒன்று. தவறு என்னுடையது" என்று எழுதி, கீழே தேதி போட்டிருக்கிறேன்.

டிஸ்கி: நீங்களும் கிளம்புவதானால் நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். சுரங்கத்துக்குள் அனுமதி இல்லாமல் போகாதீர்கள். சாத்தனூர் கல்மரத்தைக் கண்ணால் மட்டும் பாருங்கள். அது பாதுகாக்கப்பட்ட இடம், சில்லுகூட எடுக்கக் கூடாது. தண்ணீர் பாட்டில், தொப்பி, முக்கியமாக ஒரு பேனா. டீக்கடை பில் அங்கேயே கிடைக்கும் :-)