ஊசி முனையில் ஒரு புகார்

மும்பையின் கிழக்கே, மரங்கள் அடர்ந்த அமைதியான குடியிருப்பு அணுசக்தி நகர். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகளும் ஊழியர்களும் வசிக்கும் இடம். வாசலில் காவல் உண்டு. அருகிலேயே, தமிழ்க் குரல்கள் சகஜமாகக் கேட்கும் சீட்டா கேம்ப். ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில் இடிக்கப்பட்டபோது, அங்கிருந்த குடும்பங்கள் கொண்டுவந்து விடப்பட்ட இடம் அது.

அணுசக்தி நகர் வழியாகச் செல்லும் சயான்-டிராம்பே சாலையில் செம்பூரைத் தாண்டினால் சயான், அடுத்து தாராவி. இந்தப் பக்கத்துக் குடிசைப் பகுதிகளில் ஊசிக்குப் பஞ்சமில்லை. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியைச் சுற்றி உட்கார்ந்து ஆண்கள் ஜரிகை வேலை செய்கிறார்கள். எண்ணிக்கைக்குக் கூலி என்ற கணக்கில் பெண்கள் வீட்டிலேயே மணி கோக்கிறார்கள். பூக்கள் யாருடைய கல்யாணப் புடவைக்கோ.

அதே ஊசி 2015-இல் வேறு வேலை செய்தது. 1999 முதல் மும்பையில் இயங்கும் ஸ்நேஹா என்ற தொண்டு நிறுவனம், அந்த ஆண்டு பிப்ரவரி-மார்ச்சில் தாராவிச் சந்துகளில் ஒரு கலைக் கண்காட்சியை நடத்தியது. அதற்காகப் பெண்கள் துணித் துண்டுகளை ஒட்டுத்தையல் போட்டு தாராவியின் வரைபடம் ஒன்றை உருவாக்கினார்கள். அதில் அவர்கள் குறித்தது தெருப் பெயர்களை அல்ல. வீட்டுக்குள் நடக்கும் வன்முறையை.

எதிரே உட்கார்ந்து "என்ன நடந்தது?" என்று கேட்டால் வாய் அடைத்துப்போகும். கையில் துணி இருந்தால் பார்வை துணியில்; எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஒரே சீராக ஏறி இறங்கும் ஊசி மூச்சையும் நிதானத்துக்குக் கொண்டுவரும். பேச்சு தானாக வரும், வராவிட்டாலும் பாதகமில்லை.

இது தாராவியோடு நிற்கும் கதையல்ல. பழைய புடவைகளை அடுக்கித் தைக்கும் பீகாரின் சுஜனியில், முசாபர்பூர் மாவட்டத்து பூசுரா கிராமப் பெண்கள் வரதட்சணையையும் பெண் சிசுக்கொலையையும் தைத்துக் காட்டினார்கள். அந்தக் கலையை வளர்த்த நிர்மலா தேவிக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஓங்கிய கையை நூல் தடுத்துவிடாது. அதற்குச் சட்டம் வேண்டும், ஆலோசனை மையம் வேண்டும், போலீசும் வேண்டும். ஆனால் எந்தப் புகாருக்கும் முதலில் வாய் திறக்க வேண்டும். குடும்ப வன்முறைக்கு எதிரான 2005-ஆம் ஆண்டுச் சட்டம் குடிசை, குவார்ட்டர்ஸ் என்று பேதம் பார்ப்பதில்லை. அந்தச் சாலையின் இரு முனைக்கும் அது ஒன்றுதான்.