பத்தொன்பது மில்லிமீட்டர் அப்பா

(மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்)

முதலில் ஒரு கணக்கு. ஐந்தடி ஐந்தங்குல உயரமுள்ள ஓர் ஆளை எண்பத்தேழால் வகுத்தால் என்ன வரும்? கால்குலேட்டரைத் தேடாதீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். 165 செ.மீ. வகுத்தல் 87, சுமார் 19 மி.மீ. ஒரு ரூபாய் நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்தினால் அதைவிடக் கொஞ்சம் குள்ளம். அவ்வளவுதான் மனிதன்!

அது என்ன எண்பத்தேழு? மாடல் ரயில் செய்கிறவர்கள் உலகம் முழுக்க அதிகம் பயன்படுத்தும் அளவு அது. 'எச்.ஓ.' என்பார்கள். நிஜத்தில் 87 மி.மீ. உள்ளது மாடலில் 1 மி.மீ. நம் ஐ.சி.எஃப். பெட்டி இந்த அளவில் 245 மி.மீ. வரும். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் 2001-இல் திறந்த 'மினியேச்சர் வண்டர்லேண்ட்' முழுக்க இந்த அளவுதான். அங்கே ரயிலைவிட எனக்குப் பிடித்தது மனிதர்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குட்டி உருவங்கள் நிற்கின்றன, உட்கார்ந்திருக்கின்றன, சண்டை போடுகின்றன. நம் நாட்டிலும் புனேயில் 1998-இல் திறந்த ஜோஷி மினியேச்சர் ரயில் மியூசியம் இருக்கிறது. நான் இரண்டுக்கும் போனதில்லை. யூடியூபில் பார்த்ததோடு சரி. மதுரையைத் தாண்டி நான் போனதே இரண்டு தடவைதான்!

இந்த வருடக் கண்காட்சிக்கு நாங்கள் மூன்று பேர் சேர்ந்து எட்டடிக்கு நாலடி பிளைவுட்டில் சோழவந்தான் ஸ்டேஷனைச் செய்தோம். ஏன் சோழவந்தான் என்று கேட்டால், அது என் ஊர். என் அப்பா அந்த லைனில் கீமேன். இதற்கு மேல் காரணம் வேண்டுமா?

கட்டடம் வந்துவிட்டது. பிளாட்பாரம் வந்துவிட்டது. (அளவுப்படி செய்தால் பிளாட்பாரம் மட்டும் ஆறு மீட்டரைத் தாண்டும். அதனால் நாலு பெட்டி நிற்கிற அளவுக்குச் சுருக்கினோம்.) தண்டவாளத்தில் ஒரு சமாதானம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. நம் அகலப் பாதை 1676 மி.மீ., எச்.ஓ. அளவில் 19.3 வர வேண்டும். கடையில் கிடைப்பது 16.5. அது 1435 மி.மீ. பாதைக்கானது. வேறு வழியில்லை, அதிலேயே ஓட்டினோம்.

பிரச்சினை ஜனங்களிடம்தான் வந்தது. ஆள் இல்லாத ஸ்டேஷன் செத்த வீடு மாதிரி இருந்தது. ஜெர்மனியின் பிரைசர் போன்ற கம்பெனிகள் செய்த உருவங்கள் அற்புதமானவைதான். ஆனால் அதில் இருப்பவர்கள் கோட்டுப் போட்ட பயணிகள், தொப்பி வைத்த கார்டுகள், பனிச்சறுக்குக் கட்டையைத் தோளில் வைத்தவர்கள். சோழவந்தான் பிளாட்பாரத்தில் பனிச்சறுக்கா? விலையும் சும்மா இல்லை. ஒரு சின்ன டப்பாவுக்கு எங்கள் வீட்டில் ஒரு வார மளிகை வாங்கலாம்.

"ஏ.ஐ.கிட்ட கேப்போம் மாப்ள" என்றான் நண்பன்.

விஷயம் இதுதான். எழுத்தில் சொன்னால் முப்பரிமாண உருவம் தரும் வித்தையை 2022-இல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 'டிரீம்ஃப்யூஷன்' என்ற பெயரில் காட்டினார்கள். 2024-இல் 'டிரிப்போ எஸ்.ஆர்.' வந்தது. ஒரே ஒரு போட்டோ கொடுத்தால் போதும், உருவம் தரும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று இலவசமாகவே விட்டார்கள். பிறகு டென்சென்ட் கம்பெனியின் 'ஹுன்யுவான் 3டி' வந்தது. அதில் நாலு பக்கப் படங்களையும் கொடுக்கலாம். வருகிற உருவத்தை பிளெண்டரில் சரி செய்து, எஸ்.டி.எல். ஃபைலாக்கி, எங்கள் லேபில் இருக்கும் ரெசின் பிரிண்டருக்கு அனுப்பினால் பொம்மை கையில்.

கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

நாய் கேட்டோம். பிரமாதமான நாய் வந்தது. உலகத்தில் எல்லா ஊர் நாயும் ஒன்றுதான் போலிருக்கிறது. பெஞ்சில் தூங்குகிறவர் கேட்டோம், அதுவும் பரவாயில்லை. கொடிக்காலிலிருந்து வெற்றிலைக் கூடையைத் தலையில் சுமந்து வரும் அம்மா ஒருவரைக் கேட்டோம். கல்யாணப் பெண்ணுக்குப் போடுகிற அளவுக்கு நகையோடு ஒரு அம்மா வந்தார். தலையில் கூடை இல்லை, இலையால் செய்த தொப்பி இருந்தது.

அடுத்து, 'இந்திய ரயில்வே கீமேன், சுத்தியலுடன் நடக்கிறார்' என்று எழுதிக் கொடுத்தோம். வந்தவரைப் பார்த்து மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஹெல்மெட், பூட்ஸ், மார்பு இரண்டும் பலகை மாதிரி. சுத்தியலை யாரையோ அடிக்க ஓங்குவதுபோல் தூக்கிப் பிடித்திருந்தார். அச்சடித்து வெர்னியரில் அளந்தேன். ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் 12 மி.மீ. எண்பத்தேழால் பெருக்கினால் ஒரு மீட்டருக்கு மேல்! அப்படி எட்டு வைத்து நடக்கிற கீமேன் இரண்டாவது கட்டையிலேயே குப்புற விழுவார்.

எனக்குச் சிரிப்பு அடங்கிய பிறகு என்னவோ போல் இருந்தது. அந்த மெஷின் எத்தனையோ லட்சம் படங்களைப் பார்த்திருக்கிறது. அதில் என் அப்பா மாதிரி ஒருவர் இருந்திருக்க மாட்டார். இருந்தாலும் கூட்டத்தில் கரைந்திருப்பார். தினம் எத்தனை ரயில் அவரைக் கடந்து போகிறது? ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் வயலைப் பார்ப்பார்கள், வைகையைப் பார்ப்பார்கள். லைன் ஓரம் நிற்கிற ஆளைப் பார்க்கிறவர்கள் யார்? அப்பாவையே செய்துவிடுவது என்று அன்று முடிவு செய்தேன்.

அதற்கு முன்னால் விளாச்சேரி போனோம். மதுரைப் பக்கம் கொலு பொம்மை என்றால் விளாச்சேரிதானே. அங்கே ஒரு பாட்டி, கையில் பாதி முடிந்த களிமண் பொம்மையோடு, எங்கள் ரெசின் ஆளை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏந்தம்பி, ஒங்க மெசினு அச்சு எடுக்குதா, உருவம் புடிக்குதா?"

எங்களுக்குப் புரியவில்லை. பாட்டி விளக்கினார். முதலில் ஒரே ஒரு பொம்மையைக் கையால் செய்வார்கள். அதுதான் உருவம் பிடிப்பது. அதற்குத்தான் நாளும் கண்ணும் வேண்டும். அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுத்துவிட்டால், பிறகு நூறோ ஆயிரமோ வீட்டில் சின்னப் பிள்ளைகூடப் போடும். எங்கள் பிரிண்டர் அச்சு வேலை செய்கிறது. உருவம் பிடிக்கிற வேலையைத்தான் ஏ.ஐ. தன்னுடையது என்கிறது!

"மொகத்த விட்டுரு தம்பி. இம்புட்டூண்டுல மொகம் யாருக்குத் தெரியும்? கழுத்தும் இடுப்பும் சரியா அமைஞ்சா, ஆளு தன்னால தெரிஞ்சுருவாரு."

எந்த டெக்ஸ்ட் புக்கிலும் இதை நான் படித்ததில்லை.

அப்பாவைப் படம் பிடிப்பது பெரிய கூத்து. போனைத் தூக்கியதும் ரேஷன் கார்டு போட்டோவுக்கு நிற்பதுபோல் விறைத்து நின்றார். லைனுக்குள் போய்ப் படம் எடுப்பது சட்டப்படி குற்றம், அப்பாவும் விடமாட்டார். அதனால் எங்கள் தெருவிலேயே சாக்பீஸால் கோடு போட்டேன். ஒரு கிலோமீட்டருக்கு 1660 சிலிப்பர் கட்டை என்றால் கட்டைக்குக் கட்டை சுமார் 60 செ.மீ. பத்துக் கோடு. "இதுல நடங்கப்பா" என்றேன். அப்பா குனிந்துகூடப் பார்க்கவில்லை, ஒவ்வொரு கோட்டின் மேலும் கால் அச்சாக விழுந்தது! கோட்டை அழித்துவிட்டு நடக்கச் சொன்னேன். அப்போதும் அதே அறுபதுதான்.

"இந்த மனுசன் கடத்தெருவுலயும் கட்டைய எண்ணித்தான் நடப்பாரு. கூட நடந்து பாரு, அப்பத் தெரியும்" என்றார் அம்மா, வாசலில் உட்கார்ந்துகொண்டு.

நாலு பக்கமும் நாலு போன். நாங்கள் மூன்று பேர், நாலாவது என் தங்கை. நாலிலும் வீடியோ ஓடும்போது நான் கையைத் தட்டுவேன். அந்தச் சத்தத்தை வைத்து நாலு வீடியோவிலும் ஒரே நொடியைப் பிடித்து, அந்த நாலு படங்களைக் கொடுத்தோம். அப்போதுதான் நானே ஒன்றைக் கவனித்தேன். அப்பாவின் இடது தோள் தாழ்ந்திருக்கிறது. ஸ்பேனரும் கிளிப்பும் போட்ட பை இத்தனை வருடமாகத் தொங்கிய தோள். கழுத்து ஒரு பக்கமாகக் கீழே சாய்ந்திருக்கிறது. போகும்போது ஒரு தண்டவாளம், திரும்பும்போது மற்றது என்று பார்த்துக்கொண்டே போகும் கழுத்து. ஒரே வீட்டில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன்!

அதற்கப்புறமும் மெஷின் பையை முதுகோடு சேர்த்துக் கூனாக்கிவிட்டது. விரல்கள் ஒட்டிக்கொண்டு வந்தன. ஓட்டைகளை அடைத்தோம், கையாலேயே கூனை வெட்டினோம். சுத்தியல் காம்பு அளவுப்படி 0.35 மி.மீ. கூட வராது. பிரிண்டரில் எடுத்தால் கழுவும்போதே ஒடிகிறது. 0.6 ஆக்கினால் ஒடியவில்லை, ஆனால் நிஜ அளவில் 52 மி.மீ. தடிமன், அது சுத்தியலா உலக்கையா? கடைசியில் எலக்ட்ரிகல் பிராஞ்ச் நண்பர்கள் தந்த ஒயரின் 0.3 மி.மீ. செம்புக் கம்பி ஒன்றை ஒட்டினோம். சிவப்பும் பச்சையுமாகச் சுருட்டிய கொடிகள் டிஷ்யூ பேப்பர். 0.05 மி.மீ. அடுக்காக 380 அடுக்கு, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். (ரெசினைத் தொடும்போது கிளவுஸ் போடுங்கள். நாற்றமும் லேசுப்பட்டதல்ல. ஜூனியர்களுக்காகச் சொல்கிறேன்.)

ஒரு நாள் இரவு கம்ப்யூட்டரில் தன் உருவம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா திடீரென்று கேட்டார். "ஏப்பா, இது நாளைக்கு லைனையும் பார்த்துருமா?"

நான் பொய் சொல்லவில்லை. கேமராவும் லேசரும் வைத்துத் தண்டவாளத்தை அளக்கும் ஆய்வு வண்டிகள் நம் ரயில்வேயிலும் வந்துவிட்டன என்றேன். படத்தைப் பார்த்து எந்த இடத்தில் கிளிப் இல்லை என்று சொல்லக்கூடியவை. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"சொல்லும். எறங்கி வந்து அடிக்குமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. எட்டாவதோடு நிறுத்திய அவர் அந்தச் சுத்தியலால் அடித்துத்தான் நான் இந்தக் காலேஜில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். நான் படிக்கிற படிப்பு அந்தக் கேமராவைச் செய்கிற பக்கம் போகிறது. இதை அன்று இரவு இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளவில்லை.

அப்பாவை எங்கே நிறுத்துவது என்று அவரிடமே கேட்டோம். "ரெட்டை லைன்ல, வண்டி வர்ற பக்கம் மொகத்தக் காட்டித்தான் நடக்கணும்" என்றார். பொம்மை ரயில் ஒரு லைனில் மட்டும் ஓடியது. இன்னொரு லைனில், சொன்ன திசையைப் பார்த்தபடி அவர்.

கண்காட்சியில் வெளியிலிருந்து வந்த நடுவர் ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எல்லாம் ஏ.ஐ. பண்ணிருச்சு. இதுல ஒங்க வேலை என்னப்பா?" என்றார். நியாயமான கேள்விதான். முதலில் வந்த ஹெல்மெட் வீரரையும் அப்பாவையும் அவர் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். "சார், இது யாரோ. இது எங்கப்பா" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, கிட்டே வைத்து, ரொம்ப நேரம் பார்த்தார். எங்களுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு சோலார் பம்புக்குப் போனது. நல்ல பம்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

அப்பா டியூட்டி முடிந்து நேராக வந்தார். ஆரஞ்சு ஜாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை. எங்கள் எச்.ஓ.டி. சார் எழுந்து கை கொடுத்தார். அப்பா தன் உருவத்தைக் குனிந்து பார்த்தார். பை இடது தோளில் இருப்பதைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார். "ம்" என்றார். அவ்வளவுதான். அந்த நேரத்தில் நண்பன் சுவிட்சைப் போட, பக்கத்து லைனில் எங்கள் நாலு பெட்டி ரயில் வந்தது. அப்பா சட்டென்று நிமிர்ந்து, அது கடந்து போகிற வரை அதன் சக்கரங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். லைன் ஓரம் ஒதுங்கி நிற்கும்போது எதுவும் தொங்குகிறதா, சூடாகிறதா என்று பார்க்கிற அதே பார்வை. கடைசிப் பெட்டி போன பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

ஃபைல்கள் எல்லாம் லேபில் ஜன்னலோரக் கம்ப்யூட்டரில், 'சோழவந்தான்' என்ற ஃபோல்டரில் இருக்கின்றன. நாயை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

"என்னைய எப்பச் செய்யப் போற?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார் அம்மா. வெற்றிலைக் கூடையோடுதான் வேண்டுமாம், ஆனால் நல்ல சேலையில் வேண்டுமாம். அளந்து வைத்திருக்கிறேன். 152 செ.மீ. பதினேழரை மில்லிமீட்டர் வரும்.